ஸ்பேஷியல் டேட்டாபேஸுக்கு ஆள் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

இடம் சார்ந்த தரவைச் சேமித்துத் தேடும் டேட்டாபேஸ்களில்தான் என் வேலை. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் உட்காருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (டெலிவரி செயலி ஒன்றைத் தொடங்கியவர்): சார், விளம்பரத்தில் "ஜிஐஎஸ் நிபுணர் தேவை" என்று போட்டோம். வந்தவர்கள் எல்லோரும் வரைபடம் அழகாகப் போடுகிறார்கள், ஆனால் எங்கள் சர்வர் இன்னும் திணறுகிறது. எங்கே தவறினோம்?

பதில்: விளம்பரத்தில்தான். ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தரவைக் கையாளும் தொழில்நுட்பம்) என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வேலை இருக்கிறது. கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் தரவை அலசி வரைபடம் தயாரிப்பவர் ஒருவர். லீஃப்லெட், மேப்லிப்ரே போன்ற நிரல் நூலகங்களை வைத்துத் திரையில் வரைபடத்தை ஓடவிடுபவர் இன்னொருவர். லட்சக்கணக்கான புள்ளிகளை டேட்டாபேஸில் வைத்து, கேட்டதும் எடுத்துத் தருபவர் மூன்றாமவர். உங்களுக்கு வேண்டியது மூன்றாமவர். "போஸ்ட்கிரெஸ் நன்றாகத் தெரிந்த, போஸ்ட்ஜிஐஎஸ் பயன்படுத்திய பேக்எண்ட் டெவலப்பர்" என்று எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் ஒரு டேட்டாபேஸ்; இடம் சார்ந்த தரவைக் கையாள அதோடு சேர்க்கும் நீட்சிதான் போஸ்ட்ஜிஐஎஸ். எந்த மாதிரித் தேடல் மெதுவாக இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், பொருந்தாதவர்கள் தாங்களே விலகிக்கொள்வார்கள்.

கேள்வி: நேர்காணலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்பீர்கள்?

பதில்: "ஒரு அட்டவணையில் கடைகள் இருக்கின்றன. இந்தப் புள்ளியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றை எடுங்கள்." அவ்வளவுதான். வேண்டுமென்றே அரைகுறையாகக் கேட்பேன்.

நல்ல ஆள் உடனே எழுத ஆரம்பிக்க மாட்டார். "தரவு எந்த கோஆர்டினேட் சிஸ்டத்தில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறையில்) இருக்கிறது? இடத்தை வைத்திருக்கும் நெடுவரிசை ஜியோமெட்ரியா, ஜியாகிரஃபியா?" என்று கேட்பார். இதைக் கேட்காதவர்தான் ஆபத்து. ஜியோமெட்ரி தட்டையான தளத்தில் கணக்கிடும், ஜியாகிரஃபி பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து மீட்டரில் சொல்லும். ஜிபிஎஸ் தரும் எண்கள் பொதுவாக 4326 என்ற எண் கொண்ட முறையில், டிகிரியில் இருக்கும். அதை ஜியோமெட்ரியாக வைத்துக்கொண்டு 5000 என்று கொடுத்தால் டேட்டாபேஸ் அதை 5000 டிகிரி என்று எடுத்துக்கொண்டு எல்லாக் கடைகளையும் கொட்டிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

சிலர் "அப்படியானால் 3857-க்கு மாற்றிவிடுகிறேன், அதில் மீட்டர்தானே" என்பார்கள். பாதி சரி. அது இணைய வரைபடங்களைக் காட்டப் பயன்படும் முறை. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக நீளம் உப்பிக்கொண்டே போகும். 60 டிகிரி அட்சரேகையில் ஒரு கிலோமீட்டர் கிட்டத்தட்ட இரண்டாகத் தெரியும், பரப்பளவு நான்கு மடங்காகும். அங்கே கட்டணம் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மாறினால் விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த படி வேகம். எஸ்டி_டிஸ்டன்ஸ் என்ற போஸ்ட்ஜிஐஎஸ் ஃபங்ஷனை வைத்து ஒவ்வொரு கடைக்கும் தூரம் கணக்கிட்டு வடிகட்டினால், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பயன்படாது, முழு அட்டவணையும் ஓடும். எஸ்டி_டிவிதின் என்ற ஃபங்ஷன் முதலில் ஜிஸ்ட் என்ற வகை இண்டெக்ஸில் சுற்றுப்பெட்டிகளை (ஒவ்வொரு வடிவத்தையும் சுற்றி வரையும் செவ்வகங்களை) வைத்துக் கழித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் துல்லியமாகப் பார்க்கும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமா? ஜியோமெட்ரி நெடுவரிசையைக் குவெரிக்குள்ளேயே (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்குள்ளேயே) ஜியாகிரஃபியாக மாற்றினால் பழைய இண்டெக்ஸ் உதவாது; அந்த மாற்றத்தின் மேலேயே தனி இண்டெக்ஸ் கட்ட வேண்டும். இதைத் தானாகச் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (மனிதவளப் பிரிவில் இருப்பவர்): எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. முதல் சுற்றில் நான் எப்படி வடிகட்டுவது?

பதில்: "கடைசியாக நீங்கள் ஏற்றிய தரவு எந்த வடிவத்தில் வந்தது, அதில் என்ன கெட்டுப்போயிருந்தது?" என்று கேளுங்கள். வேலை செய்தவர் நிறுத்தாமல் புலம்புவார். ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தில் நெடுவரிசைப் பெயர்கள் 10 எழுத்தோடு வெட்டுப்படுவது, பாலிகன் (பலகோணம்) தன்னைத்தானே வெட்டிக்கொள்வது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறி வருவது என்று ஏதாவது வரும். "எல்லாம் சரியாகவே இருந்தது" என்று சொன்னால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தேர்வு வைக்கலாமா அண்ணா?

பதில்: வைக்கலாம். சில மணி நேரத்தில் முடியும் அளவுக்கு, பணம் கொடுத்து. இலவசமாக ஒரு நாள் முழுக்க வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது. நல்ல ஆட்கள் அதற்கு உட்காரவும் மாட்டார்கள்.

தரவை அழுக்காக்கிக் கொடுங்கள். பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்ற இடத்தில் சில புள்ளிகளைப் போடுங்கள். ஜிபிஎஸ் கிடைக்காதபோது பல மென்பொருள்கள் விட்டுச்செல்லும் குப்பை அது. சில வரிசைகளில் அச்சுகளை மாற்றிப் போடுங்கள். 90-க்கு மேல் போகும் எண் அட்சரேகையாக இருந்தால் கண்டுபிடிப்பது எளிது, இரண்டு எண்ணுமே 90-க்குள் இருந்தால்தான் யோசனை தேவைப்படும். இரண்டு பகுதிகளுக்குப் பொதுவான எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு புள்ளியை வையுங்கள். எஸ்டி_கன்டெய்ன்ஸ் என்றால் அது எந்தப் பகுதியிலும் சேராது, எஸ்டி_கவர்ஸ் என்றால் இரண்டிலும் சேரும். விடையை விட, "இந்தப் புள்ளியை எந்தப் பகுதியில் சேர்ப்பது என்று நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்" என்று அவர் எழுதி அனுப்பும் குறிப்புக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

கேள்வி: நாங்கள் மைஎஸ்கியூஎல், மாங்கோடிபி என்ற இரண்டு டேட்டாபேஸும் வைத்திருக்கிறோம். போஸ்ட்ஜிஐஎஸ் ஆள் சரிப்படுவாரா?

பதில்: படுவார். அடிப்படை ஒன்றுதான், மாட்டிக்கொள்ளும் இடங்கள்தான் வேறு. மாங்கோடிபி தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கும். மைஎஸ்கியூஎல் 8-இல் 4326 என்று அறிவித்துவிட்டு எழுத்து வடிவில் புள்ளி கொடுத்தால் அட்சரேகை முதலில் வர வேண்டும். இரண்டுக்கும் இடையே தரவு போய் வரும் இடத்தில்தான் உங்களுக்குத் தலைவலி இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சான்றிதழ் கேட்கலாமா?

பதில்: நான் கேட்பதில்லை.

கேள்வி (வேலை தேடுபவர்): நான் பேக்எண்ட் டெவலப்பர். போஸ்ட்கிரெஸ் தெரியும், புவியியல் தெரியாது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. குவெரி எப்படி ஓடும் என்று எக்ஸ்பிளைன் கட்டளை காட்டும் திட்டத்தைப் படித்து எங்கே நேரம் போகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு மீதியைக் கற்றுக்கொடுப்பது எளிது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து ஒரு நாட்டின் தரவை இறக்கி ஏற்றுங்கள். பெரிய பாலிகன்களோடு புள்ளிகளை இணைத்துப் பாருங்கள், மெதுவாகத்தான் ஓடும். அப்புறம் எஸ்டி_சப்டிவைட் மூலம் பாலிகன்களைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்தின் திட்டங்களையும் விண்ணப்பத்தோடு அனுப்பினால், நான் முதலில் திறப்பது உங்களுடையதாகத்தான் இருக்கும்.

கேள்வி: நிரந்தர ஆளா, ஒப்பந்த ஆளா? ஒப்பந்தம் என்றால் உண்மையான தரவைக் கொடுக்கலாமா?

பதில்: அட்டவணை அமைப்பையும் இண்டெக்ஸையும் வடிவமைக்க அனுபவசாலி ஒருவர் சில வாரங்களுக்கு வந்தால் போதும். பராமரிக்க உங்கள் ஆள் வேண்டும். அவர் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் இருக்கட்டும்.

தரவு விஷயத்தில் கவனம். பயனாளர் பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு ஃபோன் இரவில் எங்கே நிற்கிறது, பகலில் எங்கே நிற்கிறது என்பதே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதே அடர்த்தியும் அதே பரவலும் உள்ள செயற்கைத் தரவைத் தயாரித்துக் கொடுங்கள். புள்ளிகளைச் சீராகத் தூவிவிடாதீர்கள். நிஜத்தில் அவை நகரங்களில் குவிந்து கிடக்கும், இண்டெக்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

கேள்வி: இப்போது எல்லோரும் ஏஐ வைத்துக் குவெரி எழுதுகிறார்களே, தேர்வில் அதைத் தடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், வேலையிலும் பயன்படுத்தத்தானே போகிறார்கள். எழுதி முடித்ததும் தரவை மட்டும் மாற்றுங்கள்: 4326-இல் இருந்ததை வேறு முறைக்கு மாற்றி, எண்ணை மட்டும் பழையபடியே 4326 என்று விட்டுவிடுங்கள். அதே குவெரி ஓடும், விடை அபத்தமாக வரும். ஏன் என்று அவர் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார் என்று பாருங்கள்.