கீழறைத் தூண்டல் 98 சதவீதம் என்றால் கருவியில் கோளாறா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. இதயத் தசை தடித்து, இரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு உள்ளதால் இரட்டை அறை ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கி, தேவைப்பட்டால் மேலறை, கீழறைத் துடிப்பைத் தூண்டவும் செய்யும் கருவி) பொருத்தியிருக்கிறார்கள். அண்மைப் பரிசோதனை அறிக்கையில் வலது கீழறைத் தூண்டல் 98 சதவீதம், அதாவது நூறு துடிப்பில் 98-ஐக் கருவியே தூண்டுகிறது என்றுள்ளது. இந்தச் சதவீதம் குறைவாக இருப்பதே நல்லது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த விதி சரியானது, ஆனால் அது வேறு வகை நோயாளிகளைக் கொண்டு உருவானது. 2002-இல் வெளியான டேவிட் ஆய்வில், இரத்தத்தை வெளியேற்றும் திறன் 40 சதவீதத்துக்கு மேற்படாத பலவீனமான இதயங்களில், தேவையின்றி வலது கீழறையைத் தூண்டுவது இதயச் செயலிழப்பைக் கூட்டுவதாகத் தெரிந்தது. தசைத் தடிப்பு நோயிலோ இத்திறன் பெரும்பாலும் குறைவதில்லை. இதயம் சுருங்கும்போது தடித்த இடைச்சுவரும் மைட்ரல் வால்வும் நெருங்கிப் பாதையை அடைப்பதே சிக்கல்.

வலது கீழறையின் நுனியில் பதித்த லீட் (கருவியின் மின்கம்பி) வழியாக, இயல்பான மின்துடிப்பு வந்து சேரும் முன்பே கருவி தூண்டிவிட்டால், தசை சுருங்கும் வரிசை மாறி, அடைப்பும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடும் ஓரளவு குறையலாம். இதற்கு ஒவ்வொரு துடிப்பும் கருவியிலிருந்தே வர வேண்டும் என்பதால், கீழறைத் தூண்டலைத் தானாகக் குறைக்கும் வசதியை மருத்துவர்கள் அணைத்துவிட்டு, மேலறைத் துடிப்புக்கும் கீழறைத் துடிப்புக்கும் இடையிலான நேரமான ஏ.வி. இடைவெளியைச் சுருக்கி வைப்பார்கள். அளவுக்கு மீறிச் சுருக்கினால், மேலறை தன் இரத்தத்தை முழுமையாகத் தள்ளுமுன் கீழறை சுருங்கிவிடும். விறைத்த தடித்த இதயத்துக்கு அது பெரிய இழப்பு, மூச்சுத்திணறலும் கூடலாம். ஆகவே எக்கோ (இதய ஒலி அலைப் பரிசோதனை) பார்த்தபடியே ஆளுக்கேற்ப இடைவெளியை அமைப்பதே முறை.

இதில் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம். 48 பேரிடம் நடத்தி 1999-இல் வெளியான எம்-பாத்தி ஆய்வில், நோயாளிக்குத் தெரியாமல் தூண்டலை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தபோது அறிகுறிகளில் பெரிய வேறுபாடு இல்லை. 65 வயதைக் கடந்த சிலருக்கே தெளிவான பலன் கிடைத்தது. அதனால் மருந்துக்கு அடங்காத அடைப்புக்கு, தடித்த தசையை வெட்டும் அறுவைச் சிகிச்சையோ, இரத்தக்குழாய் வழியாக ஆல்கஹால் செலுத்தி அத்தசையைச் சுருங்கச் செய்யும் ஆல்கஹால் சிகிச்சையோதான் முதலில் பரிசீலிக்கப்படும். இவற்றுக்கு உகந்தவராக இல்லாதவருக்குத் தூண்டல் ஒரு வழி. எப்படியும் ஐ.சி.டி. உள்ளே இருக்கும்போது முயன்று பார்ப்பதில் தவறில்லை என்பேன்.

மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: இது திட்டமிட்ட அமைப்பா, இதய மின்பாதை அடைபட்டதால் நேர்ந்ததா? ஆல்கஹால் சிகிச்சைக்குப் பிறகு பின்னது நிகழ்வதுண்டு. இரண்டும் இல்லையெனில் ஏ.வி. இடைவெளியை மறுபரிசீலனை செய்வது அவசியம். திட்டமிட்டதென்றால், தூண்டலுடனும் அதை நிறுத்தியும் எடுத்த எக்கோவில் அழுத்த வேறுபாடு எவ்வளவு மாறியது, வெளியேற்றும் திறன் முன்பைவிடக் குறைந்துள்ளதா என்பவற்றையும் கேட்டறியுங்கள். அந்தத் திறன் குறைந்து வந்தால் தூண்டும் முறையையே மாற்ற நேரலாம்.