பாப் ஸ்மியர் அறிக்கையில் "மாதிரி போதுமானதாக இல்லை" என்று வந்தால்

கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் இப்படி ஒரு வரி வந்திருக்கிறது, இது புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்த வரிக்குப் புற்றுநோய் என்று பொருள் இல்லை. ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் பொருள் இல்லை. எடுத்த செல்களை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். இதை நார்மல் கணக்கில் சேர்த்துவிட்டு அடுத்த பரிசோதனையை மூன்று ஆண்டுகள் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு உண்மையில் பயம் அதில்தான்.

அந்த மாத மாதவிடாய் இரத்தப்போக்கு முழுதாக நிற்பதற்கு முன்பே பரிசோதனைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். எடுத்த செல்களைத் திரவத்தில் கலந்து சோதிக்கும் முறையில் சுமார் 5,000 செல்களாவது தெளிவாகத் தெரிய வேண்டும். தகட்டில் நேரடியாகப் பூசும் பழைய முறையில் குறைந்தது 8,000. செல்களில் முக்கால் பங்குக்கு மேல் இரத்தமோ அழற்சியோ மறைத்துவிட்டால் மாதிரி தள்ளுபடியாகிவிடும்.

1. அறிக்கையில் அந்த வரியை ஒட்டிக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: இரத்தம், அழற்சி, செல்கள் குறைவு. அழற்சி என்றால் முதலில் அதற்குச் சிகிச்சை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2. இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் மறுபடி எடுங்கள். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய 48 மணி நேரம் உடலுறவு, யோனிக்குள் வைக்கும் மருந்து, உள்ளே கழுவுதல் எதுவும் வேண்டாம்.

எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பரிசோதனையும் செய்திருந்தால் அதன் முடிவைத் தனியாகக் கேளுங்கள். அந்த வைரஸின் 16 அல்லது 18 வகை இருந்தால் மறு ஸ்மியருக்குக் காத்திராமல் கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) செய்யச் சொல்வார்கள். உடலுறவுக்குப் பின் இரத்தக்கசிவோ மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கோ இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.