மாறுதல் தண்டனையா?

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். சென்ற ஆண்டு ஓர் ஆசிரியர் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் ஆபாசமாகப் பேசுவதாகப் புகார் வந்தது. தலைமையாசிரியர் அவரிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பக்கத்து ஒன்றியத்துக்கு மாறுதல் ஆனது. ‘நடவடிக்கை எடுத்தாயிற்று’ என்றார்கள். அந்தப் பள்ளியிலும் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள் அல்லவா? கேட்டால், விசாரணை இல்லாமல் ஓர் ஆசிரியரின் வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்கிறார்கள். எது நியாயம்?

ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டுள்ளார்)

அன்புள்ள சகோதரிக்கு,

மாறுதல் தண்டனை அன்று. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் தொடங்கிக் கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை தண்டனைகள் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. அவற்றில் மாறுதல் இல்லை. விசாரணை முடியும்வரை செய்யும் பணியிடை நீக்கமும் தண்டனையாகாது. சாட்சிகளைக் கலைக்காமல் இருப்பதற்காக ஒருவரைப் பிழைப்பூதியம் கொடுத்து வெளியே நிறுத்திவைக்கும் ஏற்பாடுதான் அது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் அதை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் கூறியிருக்கிறது.

விசாரணையின்றித் தண்டிக்கக் கூடாது என்பது சரியான வாதம். ஆனால் விசாரணையை நடக்கவிடாமல் செய்தது யார்? அந்த விதிகளில் பெரிய தண்டனைகளுக்கான 17(ஆ) பிரிவின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்திருந்தால், அந்த ஆசிரியர் தம் விளக்கத்தைச் சொல்லவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், விசாரணை அறிக்கையின் நகலைப் பெற்று மறுப்பு எழுதவும் வழி இருந்திருக்கும். அவர் குற்றமற்றவர் என்றால் அதுவும் எழுத்தில் பதிவாகியிருக்கும். மன்னிப்புக் கடிதமும் மாறுதலும் பிள்ளைகளுக்கும் நியாயம் செய்யவில்லை, அவருக்கும் செய்யவில்லை. பள்ளியின் பெயரை மட்டும் காப்பாற்றின.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் சில வழக்குகளில் விசாரணை அலுவலராக அமர்ந்திருக்கிறேன். அவற்றில் ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது. குற்றச்சாட்டு ஒரே வரி: ‘ஆசிரியர் பணிக்கு ஒவ்வாத வகையில் நடந்துகொண்டார்.’ எந்த நாள், எந்த வகுப்பறை, என்ன சொன்னார் என்று எதுவும் இல்லை. இணைப்பில் சாட்சிகள் பட்டியல் வெறுமையாக இருந்தது. எட்டு மாணவிகளின் வாக்குமூலம் என்று வைக்கப்பட்ட தாளில், பள்ளித் தலைமையின் கையெழுத்தில், அலுவலக நடையில் ஒரே பத்தி இருக்க, அதன் கீழே எட்டுப் பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். அந்த ஆசிரியருக்காக வாதாட உதவியாக வந்தவர் அரை மணி நேரத்தில் அந்த வாக்குமூலத்தைத் தம் கேள்விகளால் தகர்த்துவிட்டார். சம்பவம் நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்றே எழுத வேண்டியதாயிற்று. குற்றவியல் வழக்கைப்போல ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் துறை விசாரணைக்குத் தேவையில்லை, நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று தெரிந்தால் போதும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அதைக்கூட எட்ட முடியவில்லை.

சிறுமிகளைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதா என்ற தயக்கம் நியாயமானதே. மத்திய அரசின் நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில், மாணவியைக் குறுக்கு விசாரணைக்கு உள்ளாக்காமல் இருக்கும் பொருட்டு முறையான விசாரணையைத் தவிர்த்து அந்த ஆசிரியரை நீக்கியது செல்லும் என்று 1990களிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பள்ளிகளின் விதியில் அதற்கு இடமிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் தலைமையாசிரியர் தம் கழுத்துக்கே கத்தி தேடிக்கொண்டிருக்கிறார். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தம்கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பாலியல் நோக்கத்தோடு பேசும் ஆபாசப் பேச்சும் இச்சட்டத்தில் குற்றமே.

(இன்னொன்று. வழக்கறிஞரின் பெயரைப் பார் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கினால் அவர் நாட்டில் எங்கும் வாதாட முடியாது. ஆசிரியருக்கு அப்படியொரு பதிவேடு இங்கே இல்லை. இங்கிலாந்தில் கற்பிக்கத் தடை பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பள்ளி அதைப் பார்த்துவிட்டே வேலை கொடுக்கிறது. இங்கே பக்கத்து ஊரே போதும்.)

நீங்கள் செய்யக்கூடியது: மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தொடக்கக் கல்வி) எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லுங்கள். பிள்ளைகள் சொன்னதை நீங்கள் திருத்தி எழுதாதீர்கள். அவர்கள் பெயர் வெளியே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மன்னிப்புக் கடிதம் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். அது என்ன தேதியில், யார் முன்னிலையில் எழுதி வாங்கப்பட்டது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். விசாரணை வந்தால் முதல் சான்றாவணம் அதுதான்.