பொத்தான்களைக் கணக்கெடுப்பதும் பயிற்சிதான்

மதிப்பிற்குரிய ஐயா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் படிக்கும் உங்கள் மகளை, வேலைப்பயிற்சிக்குப் போன இடத்தில், நிறுவனத்தின் இணையத்தளத்தில் எந்தெந்தப் பக்கத்தில் எந்தெந்தப் பொத்தான் இருக்கிறது என்று எக்செல் தாளில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், இதற்காகவா இத்தனை படித்தாள் என்று உங்களுக்கு மனம் ஆறவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பெற்ற மனத்துக்கு அந்த ஆதங்கம் இயல்பு. ஆனால், அவருக்குக் கிடைத்திருப்பது எடுபிடி வேலை அன்று.

ஒரு துணைப்பாட நிலையத்தின் இணையத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பதிவு செய்க’ என்ற ஒரே பொத்தான் பக்கத்தின் தலைப்பகுதியிலும், பெரிய படத்தின் கீழும், கட்டண அட்டவணையின் அருகிலும், கைப்பேசித் திரையின் அடியிலும் இருக்கும். நான்கும் ஒரே படிவத்துக்குத்தான் போகும். நூறு பேர் அழுத்தினார்கள் என்று மட்டும் தெரிந்தால் நிறுவனத்தால் எதையும் முடிவு செய்ய இயலாது. ஒவ்வொன்றுக்கும், அது பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் இடப்பெயர் கொடுத்துப் பதிந்திருந்தால்தான், கட்டணத்தைப் பார்த்த பிறகே பெற்றோர் அழுத்துகிறார்களா என்பது தெரியவரும். அந்த இடப்பெயர்களை வரையறுக்கும் பொறுப்பே இப்போது உங்கள் மகளின் கையில் இருக்கிறது.

அவர் இரண்டு இடங்களில் தடுமாறக்கூடும். தலைப்பகுதிப் பொத்தான், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்புருவிலிருந்து வருவதால் எல்லாப் பக்கங்களிலும் தென்படும்; அதைப் பக்கத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் தாள் வீணாக நீளும், ஒரே வரியில் ‘எல்லாப் பக்கங்களும்’ என்று குறித்தால் போதும். அதே பொத்தானின் மறைந்திருக்கும் நகல் ஒன்று கைப்பேசியில் தட்டினால் விரியும் பட்டியலுக்குள்ளும் இருக்கலாம் என்பதால், கணினியில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடக் கூடாது.

அடுத்தது இதைவிட முக்கியமானது. இணையத்தளத்துக்கு வருவோர் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கருவியான கூகல் அனலிட்டிக்ஸ் 4, வெளித்தளத்துக்குப் போகும் இணைப்புகள் அழுத்தப்படுவதை, அதற்கான அமைப்பு இயக்கத்தில் இருந்தால், தானாகவே பதிந்துகொள்ளும். தளத்துக்குள்ளேயே வேறொரு பக்கத்துக்குப் போகும் பொத்தானை அப்படிப் பதியாது. எனவே ஒன்றும் செய்யாமல் விட்டால், வெளியே கொண்டுபோகும் வாட்ஸ்அப் பொத்தானின் கணக்கு மட்டும் அறிக்கையில் வரும், தளத்துக்குள்ளேயே இருக்கும் படிவத்துக்குப் போகும் ‘பதிவு செய்க’ வரவே வராது. அதைப் பார்த்து எல்லாரும் வாட்ஸ்அப்பையே விரும்புகிறார்கள் என்று தவறாக முடிவு செய்துவிடுவார்கள். இதைத் தவிர்க்க, எதையெதைப் பதிய வேண்டும் என்று அமைக்க உதவும் கூகல் டேக் மேனேஜரில் ஒவ்வொரு பொத்தானுக்கும், அழுத்தியதைப் பதியும் ‘நிகழ்வு’ ஒன்றை அமைத்து, இடப்பெயரையும் உடன் அனுப்ப வேண்டும். அந்த இடப்பெயரை அனலிட்டிக்ஸில் தனிப் பரிமாணமாக, அதாவது அறிக்கையில் பிரித்துப் பார்க்க உதவும் தனி விவரமாக, பதிவு செய்த நாளிலிருந்துதான் அது அறிக்கைகளில் தெரியும் என்பதால், இதை முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சொல்வது நல்லது. படிவத்தில் வாடிக்கையாளர் எழுதும் பெயரோ கைப்பேசி எண்ணோ அந்தத் தரவில் கலந்துவிடாமலும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்; கூகலின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை, சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அத்தகைய விவரங்களைக் கவனமாகக் கையாளச் சொல்கிறது.

இதைக் கற்க அவரைத் தனியாக வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்சி வகுப்புகளுக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை 25 வயதில்தான் கிடைக்கும். அதற்கு முன் நூற்றுக்கணக்கான வெள்ளியைச் சொந்தக் கையிலிருந்து செலவழிக்கத் தேவையில்லை. கூகலின் ஸ்கில்ஷாப் இணையப் பாடங்கள் இலவசம், கூகலின் விற்பனைத் தளத்தின் தரவைக் கொண்ட, பழகிப் பார்ப்பதற்கான அனலிட்டிக்ஸ் மாதிரிக் கணக்கும் இலவசம். யூடியூபில் பார்ப்பதானால், 2023 ஜூலையில் தரவு சேர்ப்பதை நிறுத்தத் தொடங்கிய அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பைப் பற்றிய பாடங்களை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிவதற்குள், தம் தாளில் எந்தப் பகுதியை வேலை நேர்காணலில் காட்டலாம் என்று அவர் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கிடைக்காவிட்டால், பொதுவில் உள்ள வேறு ஏதேனும் ஒரு தளத்தை எடுத்து, அதே முறையில் பத்துப் பக்கங்களுக்குப் புதிதாக ஒரு தாள் தயாரிக்கட்டும். அது தயாரானதும் எனக்கு அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.