ஸ்ரீ சீனிவாசனைத் தலைமை நீதிபதி ஆக்கியது ஒபாமாவா, டிரம்ப்பா?

இரண்டு பேரும் இல்லை. ஒபாமா அவரை அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படி) நீதிபதி ஆக்கினார். தலைமை நீதிபதி ஆக்கியது சீனியாரிட்டி. அது நடந்த 2020 பிப்ரவரியில் டிரம்ப் அதிபராக இருந்ததால் வந்த குழப்பம் இது.

நம் உயர் நீதிமன்றங்களுக்குத் தலைமை நீதிபதியைக் கொலீஜியம் பரிந்துரைக்கும், குடியரசுத் தலைவர் நியமிப்பார். அமெரிக்காவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. பதவி காலியாகும்போது 65 வயது ஆகாதவராக இருக்க வேண்டும், ஓராண்டாவது பணியாற்றியிருக்க வேண்டும், அதற்கு முன் தலைமைப் பதவியில் இருந்திருக்கக் கூடாது. இப்படித் தேறுபவர்களில் பணியில் மூத்தவருக்குப் பதவி தானாக வந்துவிடும். காலம் 7 ஆண்டு.

வாஷிங்டன் டி.சி. நீதிமன்றத்தில் முந்தைய தலைமை நீதிபதி மெரிக் கார்லண்டின் 7 ஆண்டு முடிந்தபோது கணக்கு இப்படி நின்றது. சீனிவாசனைவிடப் பணியில் மூத்தவர்கள் ஹெண்டர்சன், ரோஜர்ஸ், டேட்டல், கிரிஃபித். முதல் மூவரும் 70-ஐத் தாண்டியவர்கள். கிரிஃபித்துக்கு 2019 ஜூலையில் 65 ஆகிவிட்டது. ஏழே மாதத்தில் தவறிப்போனது. 2006-லேயே அங்கு நீதிபதியான பிரெட் கவனா 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், நாற்காலி அவருக்குத்தான். வரிசையில் அடுத்து நின்றவர் சீனிவாசன். தெற்காசிய வம்சாவளியில் இப்படியொரு நீதிமன்றத்துக்குத் தலைமை ஏற்ற முதல் நீதிபதி அவரே.

உண்மையில் கடினமானது அதற்கு முந்தைய படி. அந்த நீதிமன்றத்தில் மொத்தமே 11 இடம். 2012 ஜூனில் ஒபாமா அவர் பெயரை அனுப்பினார். செனட் முடிவெடுக்காமலே அந்த அவையின் காலம் முடிந்தது, பரிந்துரையும் காலாவதியானது. 2013 ஜனவரியில் மறுபடி அனுப்ப, மே 23-ஆம் தேதி 97-0 என நிறைவேறியது. ஓர் எதிர்ப்பு ஓட்டுக்கூட விழாததற்குக் காரணம் அவருடைய பழைய வேலைதான் என்பேன். புஷ் ஆட்சியிலும் ஒபாமா ஆட்சியிலும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். இரு கட்சி ஆட்சிகளிலும் அங்கே உயர்பதவி வகித்தவர்கள் அவரை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். உச்ச நீதிமன்றத்தில் 25 வழக்குகளில் வாதாடிய அனுபவமும் இருந்தது.

அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் 'கிளார்க்' ஆக இருந்ததைச் சில தமிழ்ச் செய்திகள் 'குமாஸ்தா' என்று எழுதிவிடுகின்றன. அது தவறு. சட்டப் படிப்பில் முன்னணியில் தேறியவர்கள் ஓராண்டு நீதிபதியின் அறையில் அமர்ந்து வழக்குக் குறிப்பும் தீர்ப்பு வரைவும் எழுதும் பணி அது. கிடைப்பது அரிது.

ஊர் பற்றியும் கேட்பார்கள். 1967-இல் சண்டிகரில் பிறந்து, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸில் வளர்ந்தார். தந்தை அங்கே கணிதப் பேராசிரியர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

தலைமை நீதிபதிக்குத் தீர்ப்பில் கூடுதல் அதிகாரம் ஏதும் இல்லை. மூவர் அமர்வில் அவருக்கும் ஒரே ஓட்டு. நிர்வாகம் அவர் பொறுப்பு, சக நீதிபதிகள் மீதான நடத்தைப் புகார்கள் முதலில் அவரிடம் வரும். 7 ஆண்டுக் கணக்குப்படி 2027 பிப்ரவரியில் அந்தப் பொறுப்பு முடியும். நீதிபதிப் பதவி முடியாது, அது ஆயுளுக்கும்.