பிரிட்டனில் சின்னக் கட்சிகளுக்கு எதிர்காலம் உண்டா? – கேள்வி பதில்

கேள்வி: 2024 பொதுத்தேர்தலில் ரிஃபார்ம் யூகே 14.3 சதவீதம் வாங்கி 5 இடம்தான் பிடித்தது. லிபரல் டெமாக்ரட் 12.2 சதவீதத்துக்கு 72 இடம். இது என்ன கணக்கு?

பதில்: தொகுதியில் முதலில் வருபவருக்கே இடம் என்ற முறையில் எத்தனை ஓட்டு என்பதைவிட அது எங்கே கிடக்கிறது என்பதுதான் முக்கியம். லிபரல் டெமாக்ரட்டை அவர்களோடேயே ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-இல் 11.6 சதவீதத்துக்கு 11 இடம். ஐந்து வருடம் கழித்து 0.6 சதவீதம்தான் கூடியது, இடமோ 72. கன்சர்வேடிவ் ஓட்டு சரிந்தது ஒரு காரணம். வெல்லக்கூடிய தொகுதிகளில் மட்டும் ஆளையும் காசையும் கொட்டி, மற்ற இடங்களில் பேருக்கு ஒரு வேட்பாளரை நிறுத்தியது இன்னொரு காரணம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1983-இல் எஸ்டிபி (சோஷியல் டெமாக்ரட் கட்சி)–லிபரல் கூட்டணி 25.4 சதவீதம் வாங்கி 23 இடத்தோடு நின்றது. 27.6 சதவீதம் வாங்கிய லேபருக்கு 209. 2015-இல் யூகிப் (யூகே இன்டிபென்டன்ஸ் கட்சி) 38 லட்சத்துக்கும் மேல் வாங்கி ஒரே இடம். ஸ்காட்லாந்துக்குள்ளேயே நின்ற எஸ்என்பி (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) சுமார் 14.5 லட்சத்துக்கு 56. நாடு முழுக்கப் பரவலாக ஓட்டு வாங்கும் கட்சி ஒரு அளவு வரை வெறும் இரண்டாம் இடங்களையே சேர்க்கும். அந்த அளவைத் தாண்டிவிட்டால் இடங்கள் கொத்தாக விழும். ரிஃபார்ம் 2024-இல் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் இரண்டாவதாக வந்ததை அதனால்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள்.

கேள்வி: அப்ப சின்னக் கட்சிக்குப் போடுற வாக்கு வீண்தானே அண்ணை?

பதில்: இடமாக மாறாவிட்டாலும் காசாக மாறலாம். எதிர்க்கட்சிகளுக்கு நாடாளுமன்றம் கொடுக்கும் ‘ஷார்ட் மணி’ என்ற நிதி, வென்ற இடங்களோடு ஒவ்வொரு 200 வாக்குக்கும் ஒரு தொகை என்று கணக்கிடப்படுகிறது. ஆனால் வாசல் ஒன்று உண்டு. குறைந்தது இரண்டு இடம் வேண்டும், அல்லது ஒரு இடமும் 1,50,000 வாக்கும் வேண்டும். ஒரு இடமும் இல்லாத கட்சிக்கு எத்தனை லட்சம் விழுந்தாலும் சல்லிக்காசு வராது. கிரீன் கட்சிக்கு 2010-இல் பிரைட்டன் பவிலியனில் கரோலின் லூகாஸ் 1,252 வாக்கு வித்தியாசத்தில் வென்ற அந்த ஒற்றை இடம் இதனால்தான் பெரிய விஷயம்.

கேள்வி: நானே நிற்பதென்றால் என்ன வேண்டும்? நான் இந்தியக் குடியுரிமைக்காரன்.

பதில்: காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இந்தியர், இலங்கையர் இருவருமே சட்டப்படி இங்கே வசித்தால் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத்துக்கு நிற்க, காலவரையற்ற தங்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும், வயது 18.

டெபாசிட் 500 பவுண்ட். செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்துக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். 650 தொகுதியிலும் நிற்க நினைக்கும் கட்சி இதற்கே 3,25,000 பவுண்ட் எடுத்து வைக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு டெபாசிட்டே கிடையாது.

மனுத் தாக்கலில்தான் பலர் வழுக்குகிறார்கள். அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும், ஒவ்வொருவரின் பட்டியல் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பதினைந்து வாங்கினால் உதவாது. முதல் பத்தைத்தான் பார்ப்பார்கள், அதில் ஒன்று கோணலானாலும் மனு செல்லாது. பக்கத்துத் தெரு வேறு தொகுதியாக இருப்பது, பட்டியலின் பழைய பிரதியைப் பார்த்து எண் எழுதுவது – தவறு பெரும்பாலும் இங்கேதான் வரும்.

கட்சிப் பெயரைப் போடுவதானால், கட்சியின் வேட்பாளர் நியமன அதிகாரி தரும் சான்றிதழ் இணைந்திருக்க வேண்டும். அது இல்லாமல் பெயரை எழுதினால் மொத்த மனுவும் தள்ளுபடி. சின்னத்துக்குத் தனிப் படிவம். மறந்தால் வாக்குச்சீட்டில் சின்னம் இருக்காது. கடைசி நேரம், வாக்குப்பதிவுக்கு 19 வேலை நாள் முன்பு மாலை 4 மணி. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தேர்தல் அலுவலகத்தில் காட்டி முன்சரிபார்ப்பு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வேல்ஸ், ஸ்காட்லாந்தில் சின்னக் கட்சிகள் நன்றாக இருப்பது ஏன்?

பதில்: முறை வேறு. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் 129 இடங்களில் 56, கட்சிகள் தரும் வட்டாரப் பட்டியலிலிருந்து வருகின்றன. வேல்ஸின் நாடாளுமன்றமான செனெத்துக்கு (Senedd) 2026 தேர்தலிலிருந்து 96 உறுப்பினர். 16 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறு பேர், முழுக்கப் பட்டியல் முறை. இடங்களைப் பிரிக்கும் டி'ஹான்ட் என்ற கணக்கில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், கிடைப்பதில் பெரிய ஆறு எண்ணுக்கு இடம் தருவார்கள்.

கற்பனையாக ஐந்து கட்சிகளுக்கு 36, 30, 14, 11, 9 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்சிக்கு 36, 18, 12. இரண்டாவதற்கு 30, 15, 10. மூன்றாவதற்கு 14, 7. பெரிய ஆறு: 36, 30, 18, 15, 14, 12. ஆக 3, 2, 1. நூற்றுக்குப் பதினொன்று வாங்கிய நான்காவது கட்சி, முதல் கட்சியின் 12 என்ற எண்ணுக்குத் தோற்று வெளியே நிற்கும். விகிதாசாரம் என்ற பெயரை நம்பி 7, 8 சதவீதத்தோடு கனவு காண வேண்டாம்; ஆறு இடத் தொகுதியில் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் கதவு திறக்கும்.

கேள்வி: தமிழ்நாட்டில் மாதிரி தொகுதிப் பங்கீடு செய்துகொள்ளலாமே?

பதில்: 2019-இல் லிபரல் டெமாக்ரட், கிரீன், வேல்ஸின் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி மூன்றும் 60 தொகுதியில் அப்படிச் செய்தன. இது பரவாததற்குப் பணக் காரணம் உண்டு. போட்டியிடும் ஒவ்வொரு தொகுதிக்கும் கட்சியின் செலவு உச்சவரம்பு 54,010 பவுண்ட் கூடுகிறது. பிரிட்டனில் காசு கொடுத்து டிவியில் அரசியல் விளம்பரம் போட முடியாது. இலவச ஒளிபரப்பு நேரம் கிடைக்க ஆறில் ஒரு பங்குத் தொகுதியிலாவது நிற்க வேண்டும். விட்டுக்கொடுத்தால் இரண்டிலும் அடி. அதனால் வெளியே ஒப்பந்தம் போடாமல், அடுத்தவர் பலமான தொகுதியில் வேலை செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். வாக்காளர்கள் அதைப் புரிந்து ஓட்டை மாற்றிப் போடுகிறார்கள்.

கேள்வி: தேர்தல் முறை மாறுமா?

பதில்: பக்கத்தில் இல்லை. 2011 பொது வாக்கெடுப்பில், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறையை 67.9 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2024 டிசம்பரில் விகிதாசார முறைக்கான தனிநபர் மசோதா 138–136 என்று அறிமுகக் கட்டத்தைத் தாண்டியது. அரசு நேரம் ஒதுக்காமல் அப்படிப்பட்ட மசோதா சட்டமாகாது. தற்போதைய முறையில் 2024-இல் 33.7 சதவீதத்துக்கு 411 இடம் பெற்ற லேபர் கட்சி அதை அவசரமாக மாற்றும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: புதுக்கட்சிகள் ஏன் சீக்கிரம் செத்துப்போகின்றன?

பதில்: மேலிருந்து தொடங்குவதால். 2019-இல் எம்.பி.க்கள் பிரிந்து தொடங்கிய சேஞ்ச் யூகே, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 3.3 சதவீதம் வாங்கி, அந்த வருடமே முடிந்தது. அதன் சின்னத்தைத் தேர்தல் ஆணையம் ஏற்கவுமில்லை. வார்டில் ஆள் இல்லாத கட்சி அது. பிரிஸ்டலில் கிரீன் நேர்மாறு: உள்ளாட்சியில் 2021-இல் 24 இடம், 2024-இல் 70-இல் 34, அதே வருடம் பிரிஸ்டல் சென்ட்ரலில் பத்தாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் எம்.பி.

கேள்வி: எங்கள் வார்டில் தொடங்க வேண்டும். முதலில் என்ன செய்ய?

பதில்: ஒரே ஒரு வார்டு, அதுவும் தொடர்ந்து. வருடம் முழுக்க வீடுவீடாகப் போய், யார் உறுதி, யார் ஊசலாட்டம், யார் எதிர் என்று தெருவாரியாகக் குறித்து வையுங்கள். உள்ளாட்சியில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடுவதில்லை, ஆகவே உறுதியானவர்களை வாக்குப்பதிவன்று வெளியே கொண்டுவருவதுதான் வெற்றி.

தபால் வாக்கை மறக்கவே கூடாது. வாக்களிப்பவர்களில் கணிசமானவர்கள் தபாலில் போடுபவர்கள். அவர்களுக்குச் சீட்டு இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும், பலர் அன்றே நிரப்பி அனுப்புகிறார்கள். நல்ல துண்டறிக்கையைக் கடைசி வாரத்துக்கென்று பத்திரப்படுத்தினால் அவர்கள் கண்ணில் அது படவே படாது. அச்சடித்தவர், வெளியிடுபவர் பெயர் முகவரி ஒவ்வொரு துண்டறிக்கையிலும் இருக்க வேண்டும்; அது இல்லாமல் வெளியிடுவது குற்றம். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அந்த ஒரு வரியை இரண்டு பேராவது படித்துப் பாருங்கள்.