52 விநாடியில் எப்படி 550 பீஸ் வரும்?

கேள்வி: திருவொற்றியூரில் அப்பாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். இரும்பு பிராக்கெட்டுக்குத் துளை போட்டுக் கொடுக்கும் ஜாப் ஆர்டர் வேலை. கைப்பிடி இறக்கி ஓட்டும் டிரில்லிங் மிஷின்தான். ஆர்டர் தரும் கம்பெனி ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி என்று கேட்டிருக்கிறது. எங்களிடம் கை வேகமான ஒருவரை, அவருக்குத் தெரியாமல் செல்போனில் நேரம் பார்த்தேன். சராசரி 52 விநாடி. அப்படியானால் 8 மணி நேரத்தில் 550 பீஸ் வர வேண்டும், வருவதோ 380. காலையில் செட்டிங்குக்கு 20 நிமிடமும், துளை போடும் பிட்டைச் சாணை பிடிக்க நாளைக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடமும் போகிறது. ஆட்கள் வேலையை இழுக்கிறார்களா?

பதில்: நீங்கள் கொடுத்த கணக்கைக் கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. கடிகாரத்தில் கண்டது அந்த ஆளின் நேரம். கம்பெனிக்குச் சொல்ல வேண்டியதோ, பழகிய எந்த ஆளும் நாள் முழுக்க, மாதம் முழுக்க உடம்பு கெடாமல் செய்யக்கூடிய நேரம். ஸ்டாண்டர்ட் டைம் என்பது அதுதான்.

முதலில் ரேட்டிங், அதாவது ஆளின் வேகத்துக்குப் போடும் மதிப்பெண். பழகிய ஒருவர் சீராகச் செய்யும் வேகத்தை 100 என்று வைப்பார்கள். சமதரையில், கையில் சுமையில்லாமல் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடப்பது இதற்குச் சொல்லும் அளவுகோல். பட்டறைக்கு வெளியே 100 மீட்டர் அளந்து நடந்து பாருங்கள். சுமார் 56 விநாடியில் கடந்தால் அது 100. சீட்டுக்கட்டின் 52 சீட்டை நாலு பேருக்கு 22.5 விநாடியில் பங்கிடுவதும் அதே வேகம். இப்படிச் சில நாள் கண்ணைப் பழக்கிய பிறகே ஆளுக்கு ரேட்டிங் போட வேண்டும்.

நீங்கள் பார்த்தவர் கை வேகமானவர் என்கிறீர்கள். 115 என்று வைப்போம். 52 விநாடியை 1.15-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 60. இது அடிப்படை நேரம். (ஆட்டோ ஃபீடில் மிஷின் தானாக இறங்கும் நேரத்துக்கு மட்டும் ரேட்டிங் கிடையாது.)

இதன்மேல் ஓய்வுப்படி, அதாவது ஓய்வுக்காகக் கூட்டும் நேரம். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக 5 சதவீதம். பொதுவான களைப்புக்கு 4. நின்றே செய்வதற்கு 2. இவை உலகத் தொழிலாளர் அமைப்பின் அட்டவணையில் உள்ளவை. பெண்களுக்கு முதல் கணக்கு 7 சதவீதம். மிச்சத்தை இடத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மே மாத மதியம் இரண்டு மணிக்கு நீங்களே ஒரு மணி நேரம் மிஷினில் நில்லுங்கள், எவ்வளவு கொடுப்பது என்று தெரியும். மொத்தம் 15 சதவீதம் என்றால் 60 விநாடி 69 ஆகிறது. டீ நேரம் இதற்குள் அடக்கம். தனியாகக் கழிக்க வேண்டாம்.

இப்போது ஷிப்டைப் பாருங்கள். 480 நிமிடத்தில் செட்டிங்கும் சாணையும் 50 போக 430. 69 விநாடிக்கு ஒன்று என்றால் 374 பீஸ். உங்கள் ஆட்கள் தருவது 380!

115, 15 இரண்டும் என் உத்தேசம். நேரில் அளந்துதான் உறுதியாகும். ஆனால் 550 என்ற எண்ணை இன்றே கிழித்துப் போடுங்கள்.

மறைந்து நின்று அளந்தது எனக்கு வருத்தம். நானும் அந்தத் தப்பைச் செய்தவன். இந்த வேலைக்கு வந்த புதிதில், மணலியில் ஒரு பட்டறையில் தூணுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். மிஷினில் இருந்த அண்ணன் திரும்பாமலே சொன்னார்: “இன்னா சார், ஒளிஞ்சு நின்னு எழுதுறே? முன்னால வா, எங்க நேரம் போவுதுன்னு நானே காட்டுறேன்.” காட்டினார். பீஸ் டிரே தரையில் இருந்தது. ஒவ்வொரு பீஸுக்கும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு போட்டதும் ஒரு பீஸுக்கு 4 விநாடி மிச்சம், முதுகுவலியும் போனது. அன்றிலிருந்து செய்முறையைச் சரிசெய்யாமல் நான் ஸ்டாப்வாட்சைத் தொடுவதில்லை.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆட்களைக் கூப்பிட்டு எதற்காக அளக்கிறோம் என்று சொல்லுங்கள். 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட மண் இது. ஒளித்து வைத்த கணக்கு இங்கே நிற்காது. நடுத்தர வேகம் உள்ள இரண்டு மூன்று பேரை, காலையும் மதியமும் அளங்கள். பீஸை எடுத்து ஜிக்கில் (பீஸை அசையாமல் பிடிக்கும் சட்டம்) பூட்டுவது, துளை போடுவது, கழற்றிப் பிசிறு தட்டி வைப்பது என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் 10 அளவு. பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் 20 சதவீதத்துக்குள் இருந்தால் அதுவே போதும். 40 சதவீதம் என்றால் 27 அளவாவது வேண்டும். அப்படி ஆடுவது பெரும்பாலும் பூட்டும் வேலையாகத்தான் இருக்கும், ஜிக்கின் கிளாம்ப் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

ஹெல்பர் வேலைக்கு இந்த முறை ஒத்துவராது. சீட்டுக் குலுக்கி முடிவுசெய்த நேரங்களில் போய், என்ன செய்கிறார் என்று மட்டும் குறியுங்கள். கால்வாசி நேரம் சும்மா இருப்பதாகத் தோன்றினால், 5 சதவீதம் முன்பின்னாகத் தெரிந்துகொள்ள 300 தடவை பார்க்க வேண்டும்.

கம்பெனிக்கு எழுதும்போது ஒரு பீஸுக்கு இத்தனை விநாடி என்பதோடு செட்டிங், சாணை நேரத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள். எந்த ஜிக், எந்த பிட், டிரே எங்கே என்பதையும் தாளில் குறித்து வையுங்கள். அதில் ஏதாவது மாறினால்தான் மறுபடி அளக்கலாம். யாராவது ஒருநாள் 420 போட்டார் என்பதற்காக நேரத்தைக் குறைத்தால், அடுத்த தடவை நீங்கள் அளக்கும்போது எல்லார் கையும் மெதுவாகிவிடும்.